டாலியா எடுக்காத பாடங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு நொயெமி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். டெக்சாஸின் இந்த வடகோடியில் குளிர்தான் அதிகம்.

ஒரு சின்னச் செய்தி, கவலைப்படாதீர்கள். பள்ளியில் இருந்தபோதே நான் முடித்த கல்லூரிப் பாடங்கள் இந்தப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்குச் செல்லாதாம். முதலிலிருந்து படிக்கிறேன். நம் பள்ளி ஆலோசகர் டிரெவின்யோ அம்மாவின் மகள் டாலியாவும் என் வகுப்புதான்.

"நீ மட்டும் ஏன்டி அதெல்லாம் எடுக்கல?" என்று கேட்டேன்.

"எங்கம்மாதான் வேணாம்னாங்க. இங்க செல்லாதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரியுமே! நிறையப் பேர் சேர்ந்தாத்தான் ஸ்கூலுக்குப் பேருன்னு மத்தவங்களச் சேத்துவிட்டாங்க" என்றாள், சாதாரணமாக.

நம் சமையலறையில் உட்கார்ந்து, "காலேஜ்ல ரெண்டு வருஷம் மிச்சமாகும்மா, என்னை நம்புங்க" என்று உங்கள் கையைப் பிடித்துச் சொன்னவர் அவர்தானே? அதை நம்பித்தானே பள்ளி இசைக்குழுவை விட்டேன்? டாலியாவிடம் சிரித்து வைத்தேன். அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை, அவ்வளவுதான்.

என் பழைய கம்பளியையும் நீங்கள் அரைக்கும் மிளகாய்ப் பொடியையும் அனுப்புங்கள். இங்கே சாப்பாட்டில் உறைப்பே இல்லை. தனியாகச் சாப்பிடும்போது அது இன்னும் தெரிகிறது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு டிரெவின்யோ அம்மா வீட்டுக்கு நீங்கள் வருடாவருடம் அவித்து அனுப்பும் சோளமாவுத் தமாலே போக வேண்டாம். ஏன் என்று கேட்டால், நொயெமி வேண்டாம் என்றாள் என்றே சொல்லுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
நொயெமி