கைபடாத பழம்

அக்கா,

எங்கள் வீட்டுப் பேணியில் உங்களுக்கு ஒருநாளும் தேநீர் தரவில்லை. உங்களுக்கென்று தனியாக ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கோப்பை இருந்தது. அது இன்றுவரை பின்வேலிக் கதியால் தடியில் கவிழ்ந்தபடியே கிடந்தது. இன்று காலை அதற்கு நேர்கீழே ஒரு சொடக்குத்தக்காளிச் செடி காய்த்து நிற்பதைக் கண்டேன். நீங்கள் காய்ச்சலில் செத்துப்போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. அதை யாரும் விதைக்கவில்லை.

எங்கள் வளவுக்கு அந்தச் செடியைக் கொண்டுவந்தவர் நீங்கள்தான். கொடிகாமம் சந்தையில் ஒருவரும் வாங்காத பழம் என்று அம்மா முகம் சுளித்தார். புல்லுப் பிடுங்க வந்த நாளொன்றில் கிணற்று வாய்க்காலோரம் நாலைந்து கன்றுகளை நட்டு, காய் விழுந்தால் மண் ஒட்டாதிருக்க அடியில் வைக்கோல் பரப்பினீர்கள். எனக்கு அவசரம். பச்சைக்காயைப் பிய்த்துக் கடித்து, கசப்புத் தாங்காமல் துப்பினேன்.

"பிய்க்காதை பிள்ளை. பழுத்தால் தானாய் விழும். நீ குனிஞ்சு பொறுக்கினால் காணும்."

பிறகு காயை மூடியிருக்கும் ஊதிய உறை ஒன்றை என் நெற்றியில் அடித்து வெடிக்க வைத்தீர்கள். "நல்லாச் சத்தம் கேக்குது. உள்ளுக்கை ஒண்டுமில்லைப் போலை."

விழுந்ததெல்லாம் சுளகில் வரும். காய்ந்த காகிதம் போன்ற உறையை உரித்து அந்த மஞ்சள் பழங்களை அம்மாதான் அதிகம் தின்பார். உங்கள் கோப்பையை விரலாலும் தொடாதவர், நீங்கள் பொறுக்கித் தந்ததை மட்டும் எப்படித் தின்கிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"அது உறைக்குள்ளை இருக்கிறதுதானே. அவளின்ரை கை பழத்திலை படேல்லை."

வேலிக்கு அந்தப்பக்கம் நீங்கள் நின்றீர்கள். அது உங்களுக்குக் கேட்டது. அடுத்தமுறை சுளகு வந்தபோது ஒரு பழத்திலும் உறை இல்லை. அத்தனையையும் உரித்துக் கொண்டுவந்து, படியில் வைத்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"பிள்ளை, உதைக் கோழிக்குப் போடு" என்றார் அம்மா.

போட்டேன் அக்கா. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டேன். பழியை அம்மாவில் மட்டும் போட எனக்கு வாயில்லை. சுளகைக் கவிழ்த்தது என் கை.

உங்கள் செத்தவீட்டுக்கு அம்மா வந்தார். படலையடியில் நின்று, "நல்ல பிள்ளை, பாவம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தப் படலையை அவர் தாண்டவில்லை. வழியெல்லாம் நான் அவரோடு கதைக்கவில்லை. அதனால் உங்களுக்கு என்ன வந்தது?

கோழி தின்னாமல் விட்ட ஏதோவொரு விதைதான் இப்போது வேலியடியில் நிற்கிறது. விழுந்து கிடந்த பழங்களைப் பொறுக்கினேன். எல்லாவற்றையும் உரித்தேன். கோப்பையைக் கழுவினேன். இரண்டையும் குசினிக்குள் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைத்தேன். அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.

"இதிலை ஊத்துங்கோ அம்மா. முதல் நீங்கள் குடியுங்கோ."

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடியுங்கோ அம்மா."