ஒன்பதாவது செட்டின் பாலன்

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்
8.11.2010

அன்பு மகள் பவுலினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், அதுபோல் அங்கே நீயும் மாப்பிள்ளை ஸ்டீபன்ராஜும் பேரன் மரிய அருணும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஒரு விஷயம் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதைக் கடைசியில் வைத்தால் நீ நடுவில் இருக்கும் வரிகளைத் தாண்டிப் போய்விடுவாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது கிறிஸ்மஸ் குடில் செட்டின் பாலன் இயேசு காணாமல் போகவில்லை. எலியும் இழுத்துப் போகவில்லை. ஐந்து வாரமாக என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்தான் இருந்தது. எடுத்து வைத்தது நான்தான். கோபப்படாமல் மேலே படி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டுத் தகரம் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுக் கோதண்டபாணியிடம் சொல்லியிருக்கிறேன், மழை விட்டதும் ஏறிப் பார்க்கிறேன் என்றார். பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறேன். மணி பார்த்துச் சாப்பிடுகிறேன், பசித்துச் சாப்பிட்டு நாளாயிற்று. இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் போய் அம்மா கல்லறையில் புல் பிடுங்கி, மண் அணைத்து, மெழுகுவத்தி ஏற்றினேன், தூறலில் இரண்டு தரம் அணைந்தது, மூன்றாம் தரம் குடையைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, ஜூன் மாதத்திலிருந்து அப்படித்தான் இருக்கிறது. இதைச் சொல்லி உன்னைக் கலங்கடிக்க வேண்டும் என்று எழுதவில்லை, இருப்பதைச் சொன்னேன்.

அம்மா செய்து வைத்துவிட்டுப் போன ஒன்பது குடில் செட்டையும் இன்டர்நெட் ஏலத்தில் போடலாம் என்று நீ ஆகஸ்டில் சொன்னபோது எனக்கு அது சரியென்றும் படவில்லை, தப்பென்றும் படவில்லை. புதுச்சேரி கன்னியர் மடத்து சிஸ்டர்கள் கடையை மூடிவிட்டதால் அவர்களுக்கென்று செய்தது அத்தனையும் பரணில் தங்கிவிட்டது, கரையான் தின்பதற்கு ஆசைப்பட்டுச் சேர்க்கிறவர்கள் வாங்கட்டும் என்றாய், நியாயம்தான். விழுப்புரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் இருபத்தொன்பது வருஷம் எழுதிய கை இது, முதல் செட்டுக்கு நான் எழுதிக் கொடுத்தது பெட்டி ஒன்று, உள்ளே காகிதக்கூழ் பொம்மை பதிமூன்று, உடையக்கூடியது, அவ்வளவுதான். திருட்டுப்போன சாமானுக்கு கம்ப்ளைண்ட் எழுதற மாதிரி எழுதிக்கினு இருக்கீங்கப்பா என்றாய். வாங்குகிறவன் கையில் எடுத்துப் பார்க்க முடியாது, உங்கள் எழுத்துதான் அவனுக்குக் கை என்று சொல்லிக்கொடுத்தாய். அழகான, அருமையான என்றெல்லாம் வேண்டாம், கூழில் வெந்தயம் அரைத்துச் சேர்த்திருப்பதால் பூச்சி அண்டாது என்று எழுதச் சொன்னாய், ஆடு மேய்ப்பவன் தோளில் வேரில் கடலை தொங்கும் மல்லாட்டைச் செடிக் கட்டு இருப்பதை எழுதச் சொன்னாய், கழுதைக்குக் காது உடைந்திருந்தால் மறைக்காமல் கிட்டத்தில் படம் எடுத்துப் போடச் சொன்னாய், அப்போதுதான் மற்றதை நம்புவார்களாம். காலை எட்டு மணி வெளிச்சத்தில் கிணற்றடியில் என் வெள்ளை வேட்டியை விரித்து அடுக்கிப் படம் எடுத்தேன், முதல் படம் முழுக்க என் நிழல். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம் வைத்தேன், ஜெர்மனியில் இருப்பவனுக்கு நம் நாணயம் எவ்வளவு பெரிது என்று எப்படித் தெரியும், ஸ்கேலை வைங்கப்பா என்றாய். வேலை கொடுத்தாய், செய்தேன். அந்தக் காலை நேரங்கள் எப்படியோ கழிந்தன, அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் முதல் மூன்று செட்டைப் போட்டு ஐந்து நாளாகியும் ஒருவரும் கேட்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா. பதிமூன்று என்கிறீர்கள், படத்தில் பன்னிரண்டுதானே என்று இரண்டு பேர் எழுதிக் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெட் சென்டர் வைத்திருக்கும் கலைமதிதான் நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் அடித்துப் போடுகிறவள், அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, எல்லாரும் குனிஞ்சு வெறும் வைக்கோலையே பாத்துக்கினு இருக்காங்களே சார், கொழந்த எங்க சார் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிசம்பர் இருபத்துநாலாம் தேதி பூசைக்கு முன்னால் பாலனைக் குடிலில் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம், ஒவ்வொரு செட்டிலும் பாலனை மட்டும் பஞ்சில் சுற்றித் தனி டப்பாவில் போட்டுத்தான் வைத்திருந்தாள், முப்பது வருஷப் பழக்கத்தில் விற்பதற்குப் படம் எடுக்கும்போதுகூட அந்த டப்பாவைத் திறக்க எனக்குக் கை போகவில்லை. நீயும் அந்தப் படங்களைப் பார்த்தவள்தான், உனக்கும் ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை. கலைமதி சாமி கும்பிடுவது மயிலம் முருகன் கோயிலில், அவள் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது.

அந்த வாரம் நீ தினமும் போன் செய்தாய். டப்பாக்களைத் திறந்தீர்களா, பாலனை எந்தப் பக்கம் திருப்பி வைத்தீர்கள், தலைப்பில் பதிமூன்று என்று முதலிலேயே சேருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் மூன்றாவது படிக்கும்போது பாலனுக்குக் குளிருமே என்று பத்து நாள் முன்னாலேயே குடிலில் படுக்கவைத்து அம்மாவிடம் முதுகில் வாங்கிக்கட்டிக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தாய். அம்மா போன பிறகு உன் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நீ போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குள் ஏதோ லேசாக அசைந்தது, அது நன்றாக இருந்தது.

பிறகு படங்களை மாற்றிப் போட்டதும் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. நான் துணி வைத்துத் தைத்து அரக்கு முத்திரை போட்டு அனுப்பினேன், ஒன்றுகூட உடையவில்லை, பார்சல் ஆபீஸ்காரன் கட்டியது. எட்டும் போன பிறகு நம் பேச்சு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷத்துக்கு வந்து நின்றது, அதிலும் அட்டைப்பெட்டியின் நீள அகலம்தான் பாதி. அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை நீ, இன்னும் ஒண்ணுதாம்ப்பா, அதுவும் போயிட்டா உங்களுக்கு இந்தப் பேஜாரே கெடையாது என்றாய். நீ நல்லெண்ணத்தில் சொன்னதுதான். போனை வைத்துவிட்டு நேராகப் பரணில் ஏறி ஒன்பதாவது செட்டின் டப்பாவைத் திறந்து பாலனை எடுத்துக் கண்ணாடிக் கூட்டில் போட்டேன். மறுநாள் நானே உனக்குப் போன் செய்து பாலனைக் காணோம் என்றேன். பொய் சொல்கிறோமே என்று மனசில் உறுத்தல்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டாய், வியாழக்கிழமை கூப்பிட்டாய், கட்டிலுக்கு அடியில் பாருங்கள், அம்மாவின் தையல் பெட்டியில் பாருங்கள் என்றாய். நான் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று ஐந்து வாரம் ஓட்டினேன்.

தீபாவளியன்று கலைமதி கடையைப் பூட்டிவிட்டு அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல், நானும் ஒரு வாட்டி தேடிப் பாக்கறேன் சார் என்று புதுப் புடவையோடு கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். முழங்கையெல்லாம் ஒட்டடையோடு எழுந்து வந்து, அம்மா கடசியா செஞ்ச கொழந்தயாச்சே சார் என்று வருத்தப்பட்டாள். சட்டைப் பையில் கண்ணாடிக் கூட்டோடு நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, பவுலின். ஜூனுக்குப் பிறகு எனக்குப் பளிச்சென்று தெரிந்த உணர்ச்சி அந்த வெட்கம்தான். நேற்று நீ, சரி வுடுங்கப்பா, ஒரு பீஸ் இல்லன்னு போட்டு ஏலத்துல வுட்டுடலாம், கிறிஸ்மஸுக்குள்ள போய்ச் சேரணும்ல என்றாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் அம்மா அருள்ராணி ஒரு வேலையையும் அரைகுறையாக விட்டவள் இல்லை. ஜுரத்தோடு உட்கார்ந்து அந்தப் பாலனுக்கு இமை வரைந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்த காரியத்தால் முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் அவள் பெயருக்குக் கீழே குறை என்று படிக்கக் கூடாது.

அதனால் இன்று காலை மழை விட்ட நேரத்தில் பதிமூன்றையும் வேட்டியில் அடுக்கிப் படம் எடுத்துவிட்டேன். இனிமேல் கலைமதியிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு ஏலத்தில் போடச் சொல்கிறேன், இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் யாராவது வாங்கியும் இருப்பார்கள். அவளிடம் அடிக்கக் கொடுப்பதற்கு எழுதி வைத்திருப்பது இதுதான். திண்டிவனத்தில் அருள்ராணி கையால் செய்த குடில். காகிதக்கூழ், வெந்தயம், சுண்ணாம்பு வெள்ளை, வண்ணம். பதிமூன்று உருவங்களும் இருக்கின்றன. உடைசல் இல்லை. இது அவர் கடைசியாகச் செய்தது. அவர் இந்த வருஷம் ஜூன் மாதம் பதினேழாம் தேதி இறந்துவிட்டார். கடைசி வரியைப் பார்சல் புத்தகத்தில் எழுதுகிற மாதிரிதான் எழுதினேன். எழுதிய பிறகு அந்தத் தாளை மடிக்க வரவில்லை.

விசாவுக்குக் கொடுத்த உன் பாஸ்போர்ட் அங்கே ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்ததால் அடக்கத்துக்கு உன்னால் வர முடியவில்லை, அதில் எனக்கு உன்மேல் ஒரு துளி வருத்தமும் கிடையாது. ஆனால் அந்த நாளைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீ அழுதுவிடுவாயோ என்று எனக்குப் பயம், நான் அழுதுவிடுவேனோ என்று உனக்குப் பயம், இரண்டு பேரும் சேர்ந்து பெட்டி அளவைப் பேசிக்கொண்டிருந்தோம். இனி விற்பதற்கு எதுவும் இல்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அம்மாவை எந்தப் புடவையில் வைத்தீர்கள் என்று கேள், அங்கிருந்து ஆரம்பித்துச் சொல்கிறேன். நீ அழுதால் நான் போனை வைக்கமாட்டேன். நான் அழுதால் நீயும் வைக்காதே.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசீர், பேரனுக்கு நெற்றியில் சிலுவை போட்டு நான் போட்டதாகச் சொல். பனிக்காலம் வந்துவிட்டது என்கிறாய், காதை மூடாமல் வெளியே போகாதே. சேசுவும் மாதாவும் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. மாசிலாமணி