அவன் தோள்ல உன் கை

மார்ச் 3

டேய் குச்சி,

அங்க போனை வாங்கி வச்சுட்டாங்களாமே, அதான் பேனா புடிச்சேன். உன்கூட வர விடாம பண்ண என் முட்டி வீக்கம் வத்திடுச்சு, ஓடத்தான் இன்னும் முடியல. வயித்தெரிச்சல்தான் வத்தல.

கூட்டுப் பயிற்சி போட்டோ நம்ம படையோட பேஸ்புக் பக்கத்துல வந்திருக்கு. பக்கத்து நாட்டுச் சிப்பாய் ஒருத்தன் தோள்ல கை போட்டு ஈன்னு இளிச்சுட்டு நிக்கிற. எல்லாரும் லைக் போட்டாங்க. நான் பெருசாக்கிப் பாத்தேன், போடல. பக்கத்து நாடுங்க நட்பா இருந்தாத்தான் எல்லையில அமைதின்னு கேப்டன் சொல்றார். நாடு இருக்கட்டும். நீ எதுக்குடா இவ்வளவு நட்பா இருக்க?

திரும்பி வந்ததும் ரோந்துல என் ஜோடி நீதானே?

மொட்டை

மார்ச் 11

மச்சான் மொட்டை,

இங்க விதியே அப்படி. நம்மாளு ஒருத்தன், அவங்காளு ஒருத்தன், ஒரே கூடாரம். ஒருத்தன் தப்பு பண்ணா ரெண்டு பேரும் ஓடணும். எனக்கு வாய்ச்சவன் ஒரு நெட்டையன். கை ஜாடையிலதான் பேச்சு. நேத்து ஆத்துல வழுக்கிட்டேன். துப்பாக்கிய விட்டுட்டு என்னைப் புடிச்சான். அதுக்கும் ஓட விட்டாங்க.

அவனோட பழைய ஜோடி கை ஒடிஞ்சு அவங்க முகாம்லயே நின்னுட்டானாம். இவனுக்குத் திட்டித் திட்டி எழுதுறானாம். உன்னை மாதிரியே ஒருத்தன்.

குச்சி

மார்ச் 15

குச்சிக்கு,

போன வருஷம் நீ மேட்டுல சரிஞ்சப்ப நானும்தான் புடிச்சேன். சட்டைக் காலர் கிழிஞ்சதுன்னு எத்தனை நாள் சொல்லிக் காட்டின? அவன் புடிச்சா மட்டும் கதையா எழுதுற. ரோந்துல என் ஜோடி நீதானேன்னு கேட்டதுக்குப் பதிலே இல்ல. நெட்டையன் கூடவே இருந்துக்கோ.

இப்படிக்கு,
சிப்பாய், ரெண்டாம் பிளட்டூன்

ஏப்ரல் 2

டேய் குச்சி,

நீங்க அங்க போன மாதிரி அவங்க ஆளுங்க இங்க வந்திருக்காங்க. ஓட முடியாதவங்களை ரேடியோ கூடாரத்துல ஜோடி போட்டாங்க. எனக்கு வந்தவன் கையில கட்டு.

நீ நெட்டையன் தோள்ல கை போட்ட போட்டோவைக் காட்டினேன். நெட்டையனைத் தொட்டான், என் ஜோடிங்கிற மாதிரி தன் நெஞ்சைத் தொட்டான். அப்புறம் உன் மூஞ்சியத் தட்டி என்னமோ சொன்னான். நல்ல வார்த்தையா இருக்காது. நானும் நெட்டையன் மூஞ்சியத் தட்டி ரெண்டு கெட்ட வார்த்தை விட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல ஹெட்போன் கீழ விழுந்துடுச்சு. சார்ஜன்ட் பாத்திரம் கழுவ விட்டார். அவன் ஒத்தக் கையால தேச்சான், நான் அலசினேன்.

நல்ல பய. உன் கட்டில்லதான் படுக்க வச்சிருக்கேன்.

மொட்டை

ஏப்ரல் 9

டேய் மொட்டை,

யாரைக் கேட்டு என் கட்டிலைக் குடுத்த? முகாம்ல வேற கட்டிலே இல்லையா? எனக்கு என்னிக்காவது ஒரு தட்டு அலசிக் குடுத்திருக்கியா நீ?

இங்க முடிஞ்சதும் முதல் வண்டியில வர்றேன். ரோந்துப் பலகையில உன் பேருக்குப் பக்கத்துல என் பேரை இப்பவே எழுதி வை. அவன் கண்ணுல படற மாதிரி எழுது.

குச்சி