அன்புக்கரசி கேட்ட கேள்வி

6-3-1996, புதன்

நர்சுகளுக்கு மார்புப் புற்றுநோய் பற்றி எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க, நர்சிங் காலேஜிலிருந்து ஒரு தாள் கொடுத்தார்கள். இருபது கேள்வி. எனக்குப் பத்தொன்பது சரி. எங்கள் வார்டில் நான்தான் முதல். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்த அன்புக்கரசிக்குப் பன்னிரண்டு. இங்கிலீஷில் தடுமாறிவிட்டாள், பாவம்.

7-3-1996

டீ குடிக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க்கா, நீங்க மாசாமாசம் பாத்துக்கறீங்களா?"

எதை என்றேன். தெரியாமலா கேட்டேன்?

கட்டி ஏதும் இருக்கிறதா என்று அவள் தவறாமல் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாளாம். தேயிலை பறித்த அவள் அம்மா, கட்டியை இரண்டு வருஷம் மறைத்தே வைத்திருந்தாராம். "புண்ணாகி நாத்தம் வந்தப்புறந்தானுங்க்கா பஸ்ஸுல கீழ கூட்டியாந்தோம்." அழாமல் சொன்னாள்.

எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். என்னை நான் ஒரு தடவைகூட —

10-3-1996

பார்த்தேன். இடது பக்கம், அக்குள் ஓரம். நிலக்கடலைப் பருப்பு அளவில் ஒரு கட்டி. வலி இல்லை.

15-3-1996

அவளிடம் மட்டும் சொன்னேன். டிரஸ்ஸிங் ரூம் கதவைச் சாத்தி, கை கழுவி வந்து, தொட்டுப் பார்த்தாள். அந்த விரல்களில்தான் என்ன நிதானம்!

"வாங்க்கா, இப்பவே டாக்டர்கிட்டப் போலாம்."

"புள்ளைக்குப் பிளஸ் டூ பரிச்சை முடியட்டும் கண்ணு."

"எங்கம்மாளும் தீவாளி போகட்டும், பொங்கல் போகட்டும்னே சொல்லிட்டு இருந்துச்சுங்க்கா."

பிடித்த கையை விடவில்லை. விட்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

23-3-1996

புற்றுதான். வீட்டுக்காரர் என் ரிப்போர்ட்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

19-4-1996

மார்பை எடுத்து இரண்டு வாரம். அக்குளில் பரவவில்லையாம். கையைத்தான் தூக்க முடியவில்லை. அன்புக்கரசி தினமும் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வருகிறாள். சுவரில் விரலை நடத்தச் சொல்கிறாள். "இன்னும் ஒரு சாணுங்க்கா." வலியில் அவளைத் திட்டிப்போட்டேன். நாளைக்கும் வருவாள்.

9-9-1996, திங்கள்

எங்கள் வார்டில் மார்புப் புற்றோடு சேர்ந்திருந்த காரமடை பூவாத்தாள் ஆபரேஷன் வேண்டாமென்று பையைத் தூக்கிவிட்டார். "அதை எடுத்துப்போட்டா அப்பறம் நான் என்ன பொம்பளைங்க?"

அன்புக்கரசி என்னைப் பார்த்தாள். நானே திரையை இழுத்துவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றினேன். வெளியே யாரும் வராமல் அவள் நின்றுகொண்டாள்.

பூவாத்தாள் தழும்பை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இதோடயேவா வேலைக்கு வாரீங்க?"

"ஆமாங்க. ரெண்டு மாசமா."

பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.