அஞ்சலையின் வலது கை, வெள்ளிக்கிழமை வரை

டிசம்பர் 8, திங்கள்

தூறல். காலை ஒன்பது மணி வரை கோட்டை மலை கண்ணுக்குத் தென்படவில்லை.

பெயர்: கோ. திருநாவுக்கரசு. வயது ஐம்பது. இயன்முறை மருத்துவர். செஞ்சியில் இருபத்தாறு ஆண்டுகளாக. இக்குறிப்பின் நோக்கம் ஒன்றே. சென்னை மருத்துவமனை ஒன்றிலிருந்து மேற்பார்வையாளர் பணிக்கு அழைப்பு வந்துள்ளது. வெள்ளி மாலை ஆறு மணிக்குள் பதில் கூற வேண்டும். தனி அறை, எனக்குக் கீழே நாற்பது பேர். நோயாளியைத் தொடும் வேலை கிடையாது. போவதா, இருப்பதா? நடந்ததை மட்டும் நாள்தோறும் எழுதுவது. உணர்ச்சிக்கு இடமில்லை. ஐந்தாம் நாள் முடிவு.

இன்று பதினோரு பேர். முழங்கால் 5, இடுப்பு 3, தோள் 2, மணிக்கட்டு 1.

அந்த மணிக்கட்டு: அஞ்சலை, 44, அனந்தபுரம். வரப்பில் வழுக்கி விழுந்து எலும்பு முறிவு. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. முடிந்தவரை மடக்கினாலும் நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே மூன்று செ.மீ. மூன்று வாரமாக அதே மூன்று. ரப்பர் பந்தை அழுத்தும் பயிற்சி: வேளைக்கு முப்பது முறை, நாளைக்கு மூன்று வேளை. பயிற்சி அட்டையைப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் டிக். வரும் ஞாயிறு வரை.

"வரப்போற ஞாயித்துக்கிழமைக்கும் டிக் இருக்கே?"

கணவர் ஏழுமலை: "நான்தான் சார் போட்டன். எப்பிடியும் செய்யும் இல்ல?"

அஞ்சலை: "அந்தப் பந்த அமுக்கி அமுக்கி இன்னா சார் கெடைக்குது? காத்து."

சென்னைக்கு ஆதரவாக ஒரு புள்ளி.

டிசம்பர் 9, செவ்வாய்

மேகமூட்டம். பத்தரை முதல் பன்னிரண்டு வரை மின்தடை.

ஓய்வு பெற்ற நடத்துநர், இடது முழங்கால். மின்தூண்டல் சிகிச்சைக்கு வந்தார். "எக்சசைஸ் எல்லாம் வேணாம் சார். கரண்ட் மட்டும் வை, போதும்." கரண்டே இல்லை என்றேன். "அப்ப வர்ற வரைக்கும் குந்தியிருக்கறன்." தொடைத் தசைப் பயிற்சி சொன்னேன். செய்தித்தாள் படித்தார். பன்னிரண்டேகாலுக்குக் கரண்ட் வைத்துக்கொண்டு, வாழ்த்திவிட்டுப் போனார்.

சென்னைக்கு இன்னொரு புள்ளி.

வீட்டில் மல்லிகாவிடம் கேட்டேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "போங்களேன். இங்க திட்டறதுக்கு நான் ஒருத்தி. அங்க நாப்பது பேரு." மனைவி சொன்னது என்பதால் இதை ஆலோசனையாகக் கருத இயலாது.

வாங்க வேண்டியவை: பஞ்சு, மெழுகு, அளவு நாடா, மல்லிகாவுக்குச் சிவப்புப் பேனா.

டிசம்பர் 10, புதன்

வெயில். மலை உச்சி வரை தெளிவு.

அஞ்சலை: இரண்டு செ.மீ.

நம்பவில்லை. அளவுகோலை மாற்றி மறுபடி அளந்தேன். இரண்டு. மூன்றாம் முறையும் இரண்டு. அப்போதுதான் கவனித்தேன்: கட்டைவிரல் நகத்திற்குள் சிவப்பாகத் தோல். நிலக்கடலைத் தோல்.

"மல்லாட்டை உடைச்சீங்களா?"

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எப்பலேருந்து?"

"திங்கக்கெழம இங்கருந்து போனதும்தான் சார். அடுத்த வாரம் வெதைக்கணும். வூட்ல ரெண்டு மூட்ட கெடக்குது. தெருவே ஒடைக்குது, நான் மட்டும் பந்த வெச்சிக்கினு குந்தியிருக்கணுமா? சிரிக்கிறாளுங்க."

நோயாளிகளுக்கு நான் கொடுக்கும் விதித் தாளை எடுத்து, விதி நான்கைப் படித்துக் காட்டினேன்: 'கை வேலை எதுவும் கூடாது.' சற்று உரக்கவே படித்தேன். ஏழுமலை தரையைப் பார்த்தார். அஞ்சலை என்னைப் பார்த்தார். "கூடாதுன்னா, கை எப்பிடி சார் மடங்கிச்சி?"

அடுத்தவரை அழைத்தேன்.

பிற்பகல் முழுவதும் அக்கேள்வி. விதி நான்கை எழுதியவன் நானே. பல ஆண்டுகளுக்கு முன், கல் உடைக்கும் ஒருவருக்காக. பாறையில் சம்மட்டி அடிப்பவருக்கு அது சரி. பிறகு மறுபரிசீலனை செய்யாமல் எல்லோருக்கும் அதே தாளை அச்சிட்டுக் கொடுத்து வந்திருக்கிறேன். தவறு என்னுடையது. பதிவு செய்கிறேன்.

ஏழுமலைக்குத் தொலைபேசி. நாளை வரும்போது மல்லாட்டை கொண்டுவரச் சொன்னேன். "எவ்ளோ சார்? சுட்டதா, பச்சையா?" தின்பதற்கு அல்ல என்று விளக்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

டிசம்பர் 11, வியாழன்

காற்று. தூறல் இல்லை.

துணிப்பை நிறையக் காய். முதலில் வீக்கம் பார்த்தேன்: இல்லை. தொட்டால் வலி: இல்லை. மேசைமேல் கொட்டி உடைக்கச் சொன்னேன்.

கவனித்தவை: கட்டைவிரலும் ஆள்காட்டியும் காயின் மூக்கை அழுத்துகின்றன. ஓடு பிளந்ததும் மற்ற மூன்று விரல்கள் பருப்பை உள்ளங்கைக்குள் அணைக்கின்றன. ஐந்தாறு பருப்பு சேரும் வரை கை மூடியே இருக்கிறது. பிறகு முழுதாக விரிகிறது. ஒவ்வொரு காய்க்கும் வேறு அளவு விசை. என் பந்துக்கு ஒரே விசை. நான் எழுதித் தர வேண்டிய பயிற்சி. எழுதித் தராமலேயே செய்திருக்கிறார்.

நானும் உடைத்துப் பார்த்தேன். நாற்பது காயில் கட்டைவிரல் கன்றியது.

"சார், நீங்க ஒடைச்சத தனியா வைங்க. தோலு போயிடுச்சி, ரெண்டாவும் பொளந்திடுச்சி. வெதைக்கு ஆவாது."

"வேற எதுக்கு ஆகும்?"

"சட்னிக்கி."

கூடத்தில் சிரிப்பு. நடத்துநர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கடலை உடைத்தபடியே, பேச்சு சுவாரசியத்தில், நான் சொன்னதும் காலை நீட்டி மடக்கினார். இருபது முறை. எண்ணினேன்.

புதிய விதி, அஞ்சலைக்கு மட்டும்: கால்மணி நேரம் உடைத்தல், ஐந்து நிமிடம் ஓய்வு, வலித்தால் நிறுத்தல். ஏழுமலை டிக் போடக்கூடாது.

மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து நினைவூட்டல் அழைப்பு. 'பிறகு பேசுகிறேன்' என்றேன். இரவு உணவின்போதுதான் மறுபடி நினைவு வந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

பனி. பிறகு வெயில்.

அஞ்சலை: அரை செ.மீ.

அளவுகோலை நான் கீழே வைப்பதற்குள் அவர் எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, தலைமுடியை அவிழ்த்தார். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் முறுக்கிச் சுற்றி, கொண்டை போட்டார். முதல் தடவை சரிந்தது. இரண்டாவது நின்றது. விழுந்த நாள் முதல் ஏழுமலைதான் தினமும் போட்டுவிட்டிருக்கிறார், எனக்குத் தெரியாது. என் அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை.

"அப்பாடா. இந்த ஆளு போட்டா தேங்கா கணக்கா நிக்கும் சார், எல்லாரும் கேலி பண்ணுவாளுங்க."

ஏழுமலை: "என் வேல போச்சி." கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

சத்தமாகச் சிரித்தேன். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

உணர்ச்சிக்கு இடமில்லை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை இதனால் நீக்குகிறேன். புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கவில்லை, தேவைப்படவில்லை. இந்தக் கையைத் தொட்டு அளந்தவன் நான். நாற்பது பேர் அளந்த தாள்களில் கையெழுத்திட்டுக்கொண்டு ஒரு தனி அறையில் என்னால் உட்கார முடியாது.

மணி ஐந்து நாற்பது. வர இயலாது என்று சென்னைக்கு இப்போதே எழுதி அனுப்புகிறேன். விதித் தாளின் மீதிப் பிரதிகளைக் கிழிக்கிறேன். ஞாயிறு காலை அனந்தபுரம் செல்கிறேன், அளவுகோலுடன்: அந்தத் தெருவில் உட்கார்ந்து மல்லாட்டை உடைக்கும் ஒவ்வொருவர் கையையும் பார்த்து, முதல் விதியிலிருந்து புதிதாக எழுதப்போகிறேன்.