உலையிலேயே ஆறிய தகடுகள்

யூரல், அக்டோபர் 1974

அன்புத் தம்பி எஃபிமுக்கு,

ரயிஸா அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மா முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டு முடித்துவிட்டாள். உனக்கென்று ஒரு ஜாடி தனியாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் பயந்து, அங்கே வரும் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு.

நீ வேலை பார்க்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தகடு செய்தது எங்கள் ஆலை. சில வருடங்களுக்கு முன், மே தினத்துக்கு முதல் நாள் உலைக்காரர்கள் விருந்துக்குப் பறந்தார்கள். சுடச்சுட வெளியே எடுத்து ஆறவைக்க வேண்டிய டைட்டானியத் தகடுகளை உள்ளேயே விட்டு, உலையை அணைத்துவிட்டுப் போனார்கள். விடுமுறை முழுக்க அவை மெல்ல மெல்ல ஆறின. சோதித்தால் வழக்கத்தைவிட உறுதி! அவர்கள் படங்கள் ஆலை வாசல் கௌரவப் பலகையில் ஏறின.

மிச்சத் துண்டொன்றைப் போன வாரம் ஆலை ஆய்வகத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். டைட்டானியத்துக்குள் கண்டபடி கலந்து கிடக்க வேண்டிய அலுமினிய அணுக்கள் ஒழுங்காக வரிசை கட்டியிருந்தன. ரொட்டிக் கடையில் கும்பலாக நிற்பவர்களைத் தள்ளினால் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து தாங்கிக்கொள்வார்கள். நெருக்கி வரிசையில் நின்றால் மொத்தப் பேரும் ஒரே பக்கம் சரிவார்கள். இந்த உலோகமும் அப்படித்தான். இழுத்துப் பார்த்தால் கெட்டி. ஆழத்தில் தண்ணீர் மணிக்கணக்காக அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும்.

தலைமைப் பொறியாளர் வாலெரியனிடம் ஓடினேன். "உறுதியா இருக்குன்னு புகார் சொல்ற முதல் ஆளு நீதாம்மா. போய் வேலையப் பாரு" என்று சிரித்தார். மறுநாள் துண்டையும் காணோம், நுண்ணோக்கியில் எடுத்த படங்களையும் காணோம். என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த மாதம் கப்பலை ஆழ்கடலில் இறக்கிச் சோதிக்கப் போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன் அம்மா இறந்துவிட்டதாக உனக்கு ஒரு தந்தி வரும். மருத்துவர் சான்றோடு வருவதால் விடுப்பு தராமல் இருக்க மாட்டார்கள். பதறாதே, அம்மா கல்லுப்போல இருக்கிறாள். இது அவளுடைய யோசனைதான். "நான் செத்தேன்னே எழுது, எம்புள்ள வந்து சேரட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மத்தப் புள்ளைங்களுக்கு யாருடி தந்தி அடிப்பா?" என்று கேட்டாள்.

கிளம்பும் முன் உன் தளபதியிடம் இதையெல்லாம் சொல்லிப் பார். வாலெரியனைப் போல அவரும் சிரித்தால் நிற்காமல் வந்துவிடு. தந்தி கைக்கு வந்ததும் எல்லோரும் பார்க்க அழ வேண்டும், தம்பி. சுற்றி நிற்பவர்களின் முகங்களைப் பார். அழுகை தானாக வரும்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அக்கா ரயிஸா