சமையல்காரம்மா வரமாட்டார்

அன்புள்ள தங்கைக்கு,

உனக்குப் போனில் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் தெரு டாக்டரைக் கொன்றது அவருடைய சொந்தத் தம்பி. நேற்று ஒப்புக்கொண்டுவிட்டான். பிணத்தருகே அழுதுகொண்டிருந்தானே, நீகூடக் காபி போட்டுக் கொடுத்தாயே, அவனேதான்.

"தெருக்கோடிச் சுவருக்கு அந்தப் பக்கத்து ஆளுங்கதான் அண்ணா, வேற யாரு செய்வாங்க?" என்று அன்று சாதித்தாய். அந்தப் பக்கம் குடியிருக்கும் உன் சமையல்காரம்மாவின் கணவர் டாக்டர் வீட்டிலிருந்து ஓடியதைப் பார்த்தேன் என்றாய். மறுநாள் கேட்டால், "வேற யாராவதா இருக்கும்" என்கிறாய். அதற்குள் என் ஸ்டேஷனில் அவரை விசாரித்துவிட்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். அதை விடு.

இப்போது அந்த அம்மாவை வேலைக்கு வரச் சொல்லி நானே போய்க் கூப்பிட வேண்டுமாம். போனேன். கணவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு கையிலும் கட்டு.

"உக்காருங்க சார்" என்றார் அந்த அம்மா. உட்காராமல் வாசலிலேயே நின்றேன்.

"இன்னும் யாரையாவது கூட்டிட்டுப் போகணுமா சார்?" என்று அவரே கேட்டார். திரும்பிவிட்டேன்.

நீயே சமைத்துக்கொள்.

உன் அண்ணன்